கம்மல் கிடந்த பீக்கர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள். பைபிளும் பாட்டுப் புத்தகமும் வாசிப்பேன். எழுதிப் பல வருஷம் ஆகிறது. கை நடுங்குகிறது, வரி கோணிப்போகிறது. ஓர்மையும் முன்னைப் போல இல்லை, முந்தினது பிந்தினது மாறிக் கிடக்கும். காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் நினைவு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் யாரைப் பற்றியாவது எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் அங்கே பாடம் எடுத்தவள் இல்லையே, பெருக்கித் துடைத்துக் குப்பி கழுவினவள்தானே என்றேன். அதனால் என்ன என்றார்கள். ரெண்டு நாள் கூச்சமாக இருந்தது. அப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பேர் எழுதவில்லை. அவளிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்க இப்போது வழியும் இல்லை.

அப்போது சுனாமி வந்து நாலு வருஷம் இருக்கும். அவள் கடியப்பட்டணத்துக்காரி. ஒல்லி. தோளில் ஒரு பை, கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. பி.எச்.டி. படிக்க வந்தவள். முதல் நாள் நான் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, “வாங்க டீச்சர்” என்றேன்.

“நான் டீச்சர் இல்ல அக்கா. படிக்கிற பிள்ளதான்.”

“எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகது.”

“டீச்சர் ஆனப்பொறம் கூப்பிடுங்க. இப்போ கூப்பிட்டா அது தப்பு.”

மரியாதை கொடுத்தால் வேண்டாம் என்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து நான் அவளை மக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவளும் என்னை அக்கா என்றாள், அவள் அம்மை வயது எனக்கு இருந்தும்.

அவள் செய்தது தங்க வேலை. தட்டான் வேலை இல்லை. மஞ்சளாக ஒரு வெள்ளம் வைத்திருப்பாள், தண்ணீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதில் தங்கம் கரைந்து கிடக்கிறது என்பாள். அதில் பசை மாதிரி ஒன்று விடுவாள், பிறகு ஐஸில் வைத்த இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். கண்முன்னே அந்த மஞ்சள் மாறி, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் போலச் சிவந்துவிடும். தங்கம் சிவக்குமா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“கட்டியா இருந்தா மஞ்சள். கண்ணுக்கே தெரியாத பொடியா ஆனா சிவப்பு. இதுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிசாயிட்டா நீலமாயிரும், பின்ன வேலைக்கு ஆவாது.”

“தங்கம் என்ன வேலை செய்யும் மக்கா? காதுல கெடக்கும், இல்லன்னா பாங்கில கெடக்கும்.”

அவள் சிரித்தாள். “கட்டித் தங்கம் மடியன் அக்கா. பொடியாக்கினாத்தான் வேல பாக்கும்.”

அந்தச் சிவப்பு வெள்ளத்தில் சிரட்டைக்கரிப் பொடியைப் போட்டுக் கலக்குவாள். சிவப்பெல்லாம் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும், மேலே வெள்ளம் தெளிந்துவிடும். தங்கம் பிடித்த அந்தக் கரியைக் கிளிசரினில் போட்டு, காஸ்டிக் சோடா சேர்த்து, சூடாக்கி, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் விடுவாள். கிளிசரின் ஏதோ ஆசிடாக மாறும். எந்த ஆசிட் என்று பத்துத் தடவை சொல்லித் தந்தாள், பத்துத் தடவையும் மறந்துவிட்டேன். சோப்புக் காய்ச்சுகிற இடத்திலும், எண்ணெயில் டீசல் செய்கிற இடத்திலும் கிளிசரின் விலைபோகாமல் தேங்கிக் கிடக்கிறதாம், அதை விலையுள்ள பொருளாக மாற்றலாமாம். தங்கம் கடைசி வரை தேயாமல் கரியிலேயே இருக்கும் என்றாள். வேலையும் செய்து தேயாமலும் இருக்கிறது என்றால் அதிர்ஷ்டம்தான் என்று நான் சொன்னேன்.

அளந்து பார்க்கிற மெஷின் எங்கள் காலேஜில் இல்லை. சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்து, ஐஸ் போட்டு, திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவாள். பெட்டி அவள் அப்பன் மீன் வைத்த பெட்டி. எத்தனை தரம் கழுவியும் மணம் போகவில்லை. குழித்துறைப் பாலத்தில் கண்டக்டர் கேட்டானாம், “பெட்டியில என்ன மீனு?”

“மீன் இல்ல, கிளிசரின்.”

“அது எந்தக் கடல்ல கெடக்கு? நான் தின்னதில்லையே.”

வந்து அப்படியே நடித்துக் காட்டுவாள். சிரிக்கத் தெரியாத பிள்ளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவளிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. கட்டை அட்டை, பக்கத்துக்கு நம்பர் போட்டது. அன்றன்று செய்ததைப் பேனாவால் எழுதுவாள். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்க மாட்டாள், கிழிக்க மாட்டாள். ஸ்கேலை வைத்து ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பதை நன்றாக வாசிக்கலாம். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுவாள். மற்றப் பிள்ளைகள் மேசையில் வெள்ளை மருந்துக் குப்பி இருக்கும், தப்பின்மேல் பூசி ஊதுவார்கள்.

“நீயும் அந்த வெள்ளையப் பூசினா என்ன? நோட்டு சுத்தமா இருக்குமே.”

“தப்பும் நடந்ததுதானே அக்கா. அதுவும் அங்க இருக்கணும்.”

இந்தக் குணம் நோட்டோடு நின்றால் பரவாயில்லை. வாயிலும் அப்படித்தான். ஒருநாள் அவள் அம்மை வந்தாள். மீன் விற்கிறவள், கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, குப்பி கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்று என்னிடம் புலம்பினாள்.

“எக்கா, நேத்து பெண்ணு பாக்க வந்தாவ. வயசு இருவத்தாறுன்னு நான் சொல்லுதேன். இவ சாயாத் தட்டோட வந்து நின்னுக்கிட்டு இருவத்தொம்பதுன்னு சொல்லுதா! சாயாவக் கூட முழுசாக் குடிக்காம எழும்பிப் போயிட்டாவ. இவ வாய்க்கு ஒரு பூட்டு கிட்டுமா?”

அந்தப் பிள்ளை அளந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள், “நீ சொன்னத நான் அழிக்கலியே அம்மை. மேல ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான்.”

“கோடு போட்டாளாம் கோடு! ஏட்டி, ஒனக்கு ஆரு தாலி போடுவா?”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எல்லா நேரமும் சிரிப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவளுக்கு இளையவளாக ஒரு பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த கணக்கில் ஏதோ பிசகு. எல்லாரும் இருக்கும்போது இவள் எழுந்து, “இது அளந்த எண் இல்ல, நீ நெனச்ச எண்” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தேம்பி அழுதது. எனக்கே இவள்மேல் வெறுப்பு வந்தது. மறுநாள் அதே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அதே இடத்தில் எழுந்து நின்றாள். “நேத்து சொன்னது சரி. எல்லாரு முன்னாலயும் சொன்னது தப்பு.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சாமான் கழுவுவதில் அவள் கண்டிப்பு. தங்கம் ஒட்டியதைக் கரைக்கிற பொல்லாத ஆசிடை என் கையில் தரமாட்டாள், தானே ஊற்றுவாள். அதற்குப் பிறகு என் முறை. சோப்புப் பொடி போட்டுத் தேய்க்கணும், மூன்று தரம் குழாய் வெள்ளம், மூன்று தரம் டிஸ்டில் வெள்ளம். நான் ஒருநாளும் மாற்றினதில்லை, அந்த ஒருநாள் தவிர.

அது ஒரு சனிக்கிழமை. என்னிடம் இருந்த பொன் என்று சொன்னால் கல்யாணத்துக்குப் போட்ட ஒரு ஜோடி கம்மல்தான். மறுநாள் ஆலயத்துக்குப் போகணும், அதில் அழுக்கு. பூந்திக்கொட்டை ஒரு கை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். நாங்கள் பொன்னை அதில்தான் ஊறப்போட்டுக் கழுவுவோம். மத்தியானம் யாரும் இல்லாத நேரம், கழுவ வைத்திருந்த ஒரு பீக்கரில் கொட்டையை உடைத்துப் போட்டு, கம்மலையும் போட்டு ஊறவைத்தேன். அது அவள் தங்க வெள்ளம் கூட்டுகிற பீக்கர். நுரை பொங்கி வந்தது. கம்மல் மின்னியது. அப்போது பார்த்து அவள் காலடிச் சத்தம். கம்மலை எடுத்துக் காதில் மாட்டினேன், கொட்டையை மடியில் அள்ளினேன், பீக்கரில் ஒரு தரம் வெள்ளம் விட்டுச் சுழற்றிக் கவிழ்த்துவிட்டேன். சோப்புப் பொடி போடவில்லை. மூன்றும் மூன்றும் ஆறு தரம் இல்லை. பொன்னுக்குப் போடுகிற நுரைதானே, தங்க வேலைக்கு என்ன கேடு வரும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் அந்தப் பீக்கரை எடுத்து வேலையைத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவள் படியில் ஓடி ஏறினாள். ஓடி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமைக் கரி, மற்ற எந்த நாளையும்விட ரொம்பக் கூடுதலாகக் கிளிசரினை மாற்றியிருக்கிறது. அவளுக்கு வழிகாட்டுகிற சார் எல்லாருக்கும் சாயாவும் உள்ளிவடையும் வாங்கித் தந்தார். நானும் ஒரு வடை தின்றேன்.

அவள் மட்டும் சொன்னாள், “இன்னொரு தரம் வரட்டும் சார்.”

வரவில்லை. மறுபடி செய்தாள், வரவில்லை. மழைக்காலம் முழுக்கச் செய்தாள். கரியை மாற்றினாள், சிலிண்டரை மாற்றினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் தலையைத் தொங்கப்போட்டு வருவதுமாக இருந்தாள். உதவித்தொகை முடிய அஞ்சாறு மாசம்தான். அதற்குள் பி.எச்.டி. புத்தகம் எழுதிக் கொடுத்தால் எங்கள் காலேஜிலேயே ஒரு வேலை காலியாக இருந்தது, அதற்கு மனுப் போடலாம். வீட்டில் அப்பனுக்குக் கடலுக்குப் போக முடியாமல் ஆகியிருந்தது.

ஒருநாள் எல்லாரையும் நிறுத்திவைத்துக் கேட்டாள். சார் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

“அக்கா, அந்தச் சனியாழ்ச்ச வேற மாதிரி ஏதாவது செஞ்சியளா?”

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் டெம்பரவரி ஆள். லேப் பீக்கரில் கம்மல் கழுவினேன் என்று எந்த வாயால் சொல்ல?

“இல்ல மக்கா. எப்பவும் போலத்தான்.”

அவள் குனிந்து அதை நோட்டில் எழுதினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நான் சொன்னதைத்தான் எழுதுகிறாள் என்று தெரிந்தது. பொய்யை அந்த நோட்டில் ஏற்றியவள் நான் ஒருத்திதான்.

சார் நல்ல மனுஷன். அவள் இளைத்துப்போவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார், “ஒரு தடவை வந்தது உண்மைதானே? அதைப் போட்டு எழுதிக் கொடு பிள்ளே. காலம் போவுது.”

“திரும்பச் செய்யத் தெரியாத ஒண்ண நான் செஞ்சேன்னு எப்படி சார் எழுத?”

நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். “அக்கா, ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். நான் ஒங்களச் சந்தேகப்பட்டேன். நீங்க சரியாக் கழுவாம மறைக்கியளோன்னு ரெண்டு மூணு நாளா மனசுல வச்சிருந்தேன். சொன்ன பொறகும் நம்பாம இருந்தது தப்பு.”

இப்படி ஒரு பிள்ளை வந்து மன்னிப்புக் கேட்டால் யாரால் தாங்க முடியும்? நான் ஈரக் கையோடு காதிலிருந்து ரெண்டு கம்மலையும் கழற்றி மேசையில் வைத்தேன். அழுதேனா என்று ஓர்மை இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டேன், “எங் கம்மல் கரைஞ்சுதான் ஒனக்குத் தங்கம் கூடிப்போச்சா?”

“அது கரையாது அக்கா” என்றாள். சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள். கொஞ்சம் நீளமாகவே எழுதினாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தாள். “கோவம் இருந்துது. இப்போ கொறவா இருக்கு. எத்தன கொட்ட போட்டிய?”

“ஒரு கை.”

“ஒரு கைன்னா?”

“என் கைதான்.”

என்னைப் பூந்திக்கொட்டை அள்ளச் சொல்லி, அதைத் தராசில் வைத்தாள். இன்னொரு தரம் அள்ளச் சொன்னாள். வேறு எடை. “அக்கா, ஒங்க கை ஒவ்வொரு நேரமும் ஒவ்வொண்ணு சொல்லுது.” எவ்வளவு வெள்ளம், எவ்வளவு நேரம், எத்தனை சுழற்று என்று போலீஸ்காரனைப் போலக் கேட்டாள். கம்மலையும் பீக்கரில் போடச் சொன்னாள், நடந்தது நடந்தபடி இருக்கணுமாம். சார் வந்து பீக்கரில் கம்மலைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நுரை பிடித்த பீக்கரில் தங்கப்பொடி சேர்ந்து பெரிசாகாமல் இருந்திருக்கலாம் என்றாள். அந்த நுரையும் அவள் விடுகிற பசை போலத்தான் பொடியைப் பிடித்துவைக்குமாம். முதல் தரம் நன்றாக வந்தது. நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ரெண்டாம் தரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் தரம் பாதி. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஏன் என்று சொல்ல அவளிடம் காலமும் இல்லை, நுணுக்கமாகப் பார்க்கிற மெஷினும் இல்லை.

அவள் மற்ற நாள் வந்த எண்களை வைத்தே புத்தகம் எழுதினாள். அந்தச் சனிக்கிழமையைக் கடைசியில் தனியாக ஒரு பக்கத்தில், கழுவின கதையோடு எழுதி, திரும்ப வரவில்லை என்றும் எழுதினாள். இதெல்லாம் முடிய ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. எங்கள் காலேஜ் வேலை வேறு ஆளுக்குப் போனது. என்னால்தான் என்று அவள் சொன்னதில்லை. நான் சொன்னபோது, இல்லை என்றும் சொல்லவில்லை. “பாதி ஒங்களால. பாதி நான் மழைக்காலம் முழுக்கத் தப்பான எடத்துல தேடினதால” என்றாள்.

வைவா நடந்த அன்றைக்கு நான் சாயாத் தட்டோடு வாசலில் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த பெரிய சார் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழிலேயே கேட்டார், “எத்தனை பூந்திக்கொட்டை?” அவள் என்னைக் காட்டினாள். “ஒரு கை சார்” என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம்தான் தனக்குப் பிடித்தது என்றார். வெளியே வந்தவளிடம், “இனி டீச்சர்னு கூப்பிடலாமா மக்கா?” என்றேன். “வேல கிட்டட்டும் அக்கா” என்றாள். பின்னால் வடக்கே எங்கேயோ வேலை கிட்டிப் போனாள் என்று கேள்வி. டீச்சர் என்று கூப்பிட எனக்கு வாய்க்கவே இல்லை.

காலேஜை விட்டுப் போவதற்கு முந்தின நாள், நோட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், “அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல என்னைப் பத்தி என்ன எழுதின? தமிழ்ல வாசிச்சுச் சொல்லு.”

அவள் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து மெல்ல வாசித்தாள். “பீக்கரைக் கழுவியவர் அன்றைக்குப் பூந்திக்கொட்டை போட்டிருந்தார். நான் கேட்டபோது சொல்லவில்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, “அவரால் சொல்ல முடியாதபடி எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்” என்றாள். நோட்டை மூடினாள்.

அந்த நிறுத்தம்தான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. முதல் ரெண்டு வரி வாசித்தபோது விரல் நகர்ந்தது. மூன்றாவதுக்கு விரல் நகர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை, கண் நிறைந்துவிட்டது. இல்லாததைச் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்காக ஒரு வரி கூட்டிச் சொன்னாளோ? அப்படிச் சொல்லியிருந்தால் அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாக இருக்கும். கூட்டாமல் சொல்லியிருந்தால் அந்த வரி தாளில் இருக்கும்.

ஆகையால் மலர் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுதல். அந்த நோட்டு இப்போதும் டிபார்ட்மென்ட் அலமாரியில்தான் இருக்கணும், கறையான் தின்றிருக்காவிட்டால். கட்டை அட்டை, பச்சை முதுகு என்று நினைக்கிறேன், நீலமாகவும் இருக்கலாம். யாராவது எடுத்து, ஸ்கேல் கோடு போட்ட அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வருஷம், சாமான், ஆசிட் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஓர்மை போதாது. முக்கியமாக அந்த மூன்றாவது வரி உண்டா என்று பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால், நான் மேலே எழுதியிருக்கிற அந்த வரியின்மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். அழித்துவிட வேண்டாம், அடியில் இருப்பது வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்.